முசுறு பார்த்த மூலை

"இந்தக் கதிரையிலை இருக்கிறது நான்தான், பிள்ளை" என்றார் தில்லைநாதன். "மூண்டாவது படத்திலை நான் இல்லை. எங்கை போனனான் எண்டு நீங்கள்தான் கண்டுபிடிக்கவேணும்."

மேசைமேல் மூன்று கார்ட்டூன் படங்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் தேநீர்த் தட்டு அளவு. கறுப்பு மையில் கீறியவை. முதலாவதில் ஒரு முதியவர் சாய்கதிரையில் இருந்து கையில் கிளாசுடன் சிரிக்கிறார். இரண்டாவதில் அதே முதியவரின் தலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. மூன்றாவதில் கதிரை வெறுமையாக இருக்கிறது. கிளாஸ் தரையில் உருண்டு கிடக்கிறது.

சுபோதினி படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே கதிரை. அதே மேசை. கதிரையின் கைப்பிடியில் இருந்த வெடிப்புக்கூட அதே. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மாடிவீடு அது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மழைக்கடல் கறுத்துக் கிடந்தது. ரயில் பாதையோரக் கற்களில் அலை அறையும் ஒவ்வொரு தடவையும் சுவரில் தொங்கிய சட்டங்கள் மெல்லக் குலுங்கின.

காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்துவிட்டு, தெஹிவளையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் சுபோதினி. உதவியாளன் அப்ஹாமின் ஓட்டோதான் அந்த அலுவலகத்தின் வாகனம். அப்ஹாமின் வாய் அதன் விளம்பரப் பலகை.

"கீறினது ஆர், ஐயா?"

"முசுறு. சொந்தப் பேர் எமிலியானுஸ். 'குறும்பன்' வார இதழிலை வாராவாரம் கீறினவர். இடதுகைக்காரர், கோடெல்லாம் எதிர்ப்பக்கம் சரியும். இது அவரின்ரை கைதான். அதிலை எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா ஆள் செத்து ஏழு வருசம்."

"அங்கிள் சும்மா பயப்பிடுறார் அக்கா."

சுவரோரம் நின்று ஆணியடித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரன் பிரியந்தன். நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. காதிடுக்கில் கொம்புபோல நீட்டிக்கொண்டிருந்த தச்சுப் பென்சில். தில்லைநாதனுக்கு மூலப்படங்களைத் தேடிக் கொடுப்பவனும் அவன்தான்.

"முசுறு அந்த நாளிலை இந்த வீட்டுக்கு வந்து போனவர். ஞாபகத்திலை கீறி வைச்சிருப்பார். அவரின்ரை சொந்தக்காரரிட்டை இருந்து நான் வாங்கி வந்தனான். பேர் சொல்லவேண்டாமெண்டு கேட்டவை. செத்த மனுசன் எழும்பி வந்தே கீறப்போறார்?"

"எழும்பி வந்தாலும் கரண்ட் பில்லப் பாத்திட்டுத் திரும்பிப் படுத்துருவார்" என்றான் அப்ஹாம்.

பிரியந்தன் சிரித்தான். தில்லைநாதன் சிரிக்கவில்லை. சுபோதினி கதிரையருகே நின்ற நாலுகால் ஊன்றுகோலைத் தொட்டாள். முதல் இரண்டு படங்களிலும் அந்த ஊன்றுகோல் இருந்தது.

"இது எப்ப வாங்கினது, ஐயா?"

"போன வருசம். குளியலறையிலை விழுந்தாப் பிறகு."

சுவரில் ஒரு தடவை விழவேண்டிய சுத்தியல் விழவில்லை. பிறகு விழுந்தது.

"எல்லா வயசாளியளுக்கும் ஊன்றுகோல் இருக்குத்தானே அக்கா" என்றான் பிரியந்தன், சுவரைப் பார்த்தபடி.

வீட்டில் சுவர் இருந்த இடமெல்லாம் படங்கள்தான். வாரப் பத்திரிகைகளும் மாத இதழ்களும் மூடப்பட்ட பிறகு, ஓவியர்களின் பெட்டிகளிலிருந்தும் அச்சகங்களின் பரண்களிலிருந்தும் தில்லைநாதன் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அப்ஹாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் போல நடந்து பார்த்தான்.

"அங்கிள், இதெல்லாம் புத்தகத்தில வந்ததுதானே? அந்தப் புத்தகம் இரிக்கா?"

தில்லைநாதனின் முகம் சுருங்கியது. "அச்சிலை வந்தது பிரதி, தம்பி. பிரதி நான் பார்க்கிறதில்லை. பத்திரிகைக்காரர் பெரிசாக் கீறுவிச்சு, ஃபோட்டோ பிடிச்சு, சின்னதாக்கித்தான் அடிப்பினம். அதிலை என்ன மிஞ்சும்? நிப் போன வழி தெரியாது. மை ஊறின இடம் தெரியாது. பொம்பிளை பார்க்கப் போனவன் படத்தைப் பார்த்திட்டுத் திரும்பி வாறதே?"

"என்ட உம்மா அப்பிடித்தான் எனக்கு மூணு பேரப் பாத்தா அங்கிள். ஃபோன்லயே."

"பிறகு?"

"நெட்வேர்க் இல்ல."

சுபோதினி படத்தின் மேல் குனிந்தாள். கதிரையின் பின்னாலிருந்த மூலை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக வெறும் கோடுகள். தடித்த கோடுகள். சுவரில் மாட்டிப் பார்ப்பதற்காக ஒருவர் இவ்வளவு தடிப்பாகக் கீறுவாரா என்று அவள் நினைத்தாள்.

"கையெழுத்து எங்கை, ஐயா?"

"அதுதான் அந்த எறும்பு." கதிரையின் கைப்பிடியில் ஒரு சிறிய முசுறு ஏறிக்கொண்டிருந்தது. "மாமரத்திலை இருந்து கடிக்கிற செவ்வெறும்பு. அதுதான் அவரின்ரை பேர், அதுதான் கையெழுத்து. எல்லாப் படத்திலும் ஒரு எறும்பு வரும். பகிடி எந்தப் பக்கமோ, எறும்பு அந்தப் பக்கம் பார்க்கும். அதைக் கண்டுபிடிச்சது நான்தான். ஜவாத் டொக்டருக்குக்கூடத் தெரியாது."

"ஜவாத் டொக்டர் ஆர்?"

"ஹெவ்லொக் டவுனிலை இருந்தவர். எனக்குப் போட்டியா வாங்கின மனுசன். போன வருசம் பகல் சாப்பிட்டிட்டுக் கதிரையிலை சாய்ஞ்சவர், எழும்பேல்லை. ஹார்ட் எண்டிச்சினம். அவரிட்டை இருந்த கடைசி முசுறு படங்கள் மூண்டையும் பிரியந்தன்தான் எனக்கு எடுத்துத் தந்தவன். அங்கை, நடையிலை தொங்குது."

நடைச் சுவரில் மூன்று சட்டங்கள் இருட்டுக்குள் மங்கலாகத் தெரிந்தன.

"இந்தப் படத்திலை எறும்பு மூலையைப் பார்க்குது" என்றாள் சுபோதினி.

"முதல் ரெண்டிலும் அப்படித்தான். மூலையிலை ஒண்டுமில்லை, வெறும் கோடு. மூண்டாவதிலை மட்டும் தரையிலை இறங்கிக் கதவைப் பார்க்குது. ஒரு பகிடியும் விளங்கேல்லை. வசனமும் இல்லை, பிள்ளை. வசனத்துக்குப் பேர்போன மனுசன் அவர்."

பிரியந்தன் சுத்தியலைப் பைக்குள் வைத்தான். மேசையில் ஒரு போத்தலை எடுத்து வைத்தான். "யாழ்ப்பாணத்து நெல்லி ரசம், அங்கிள். நீங்கள் கை வையாதையுங்கோ, கை நடுங்கி ஊத்துப்படும். மூண்டாவதுக்குச் சட்டத்தை வெட்டிக்கொண்டு பகல் வாறன். நானே கரைச்சுத் தாறன்."

"சீனி கூடாமல் கரை."

"எனக்குத் தெரியாதே?"

"நல்ல பெடியன்" என்றார் தில்லைநாதன், அவன் போனபின். "இந்தச் சேகரம் முழுவதையும் வாற மாசம் யாழ்ப்பாணத்திலை ஒரு நூலகத்துக்குக் குடுக்கப்போறன். அவை ஒவ்வொரு தாளாச் சோதிச்சுத்தான் எடுப்பினமாம். இவன்தான் பெட்டி கட்டித் தாறன் எண்டிருக்கிறான்."

அப்ஹாம் மூன்று படங்களையும் ஃபோனில் எடுத்தான். தில்லைநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடுக்கிறதை எடும். எனக்குக் காட்டாதையும்."

கீழே கேட்டடியில் காவலுக்கு இருந்தவரோடு அப்ஹாம் சிங்களத்தில் கிரிக்கெட் பேசி, அவருடைய ஃபோன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறினான்.

"எங்க மெடம்? ஒஃபீஸா?"

"பொறும். அந்தப் படத்திலை ஜன்னலைப் பெருப்பிச்சுப் பாரும்."

அவன் விரல்களால் படத்தைப் பெருப்பித்தான். கதிரை, மேசை, ஊன்றுகோல் எல்லாம் வெள்ளவத்தை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே கடல் இல்லை. ஒரு பெரிய குவிமாடம். அதன் இடப்பக்கம் ஒரு கோயில் கோபுரத்தின் நுனி. முன்னால் ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி, வாய்க்குச் சாக்குக் கட்டியபடி.

"அல்லாஹ்வே, இது எங்கட கொட்டாஞ்சேன!" என்றான் அப்ஹாம். "லூசியா கோயில்ட குவிமாடம். சின்னதுல நாங்க பட்டம் விட்டா நூல் அதுலதான் மாட்டும்."

"அறை தில்லைநாதன் ஐயாவின்ரை. ஜன்னல் கீறினவரின்ரை. தான் எங்கை இருக்கிறன் எண்டு அவர் சொல்லியிருக்கிறார்."

"செத்தவருக்கு ஜன்னல் எதுக்கு மெடம்?"

"அதைத்தான் கேட்கப் போறம். ஓட்டும்."

காலி வீதியில் பஸ்களுக்கிடையில் நுழைந்து, கோட்டையைத் தாண்டி, புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் வண்டிகளுக்குள் அகப்பட்டு ஓட்டோ ஊர்ந்தது. வானம் தாழ்ந்து வந்து கட்டிடங்களின் தலையில் இருந்தது. பகல் நேரமென்றாலும் கடைகளில் விளக்கு எரிந்தது. அந்தச் சுத்தியல் விழாமல் நின்ற ஒரு கணம் சுபோதினியின் காதில் இன்னும் நின்றது.

கொட்டாஞ்சேனையில் அப்ஹாமுக்கு வழி கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. குவிமாடம் வலப்பக்கம் வரவேண்டும், கோபுரம் இடப்பக்கம் வரவேண்டும் என்று ஒழுங்கை ஒழுங்கையாக நுழைந்தான். கடைசியில், ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் பக்கத்துச் சந்துக்குள் ஓட்டோவை நிறுத்தி மேலே கையைக் காட்டினான். எதிர் மாடியில் சாக்குக் கட்டிய தண்ணீர்த் தாங்கி. அதற்கு நேரே ஒரு மாடி ஜன்னல். அந்த ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது.

கீழ்வீட்டுக்காரி லுத்பியா, தலை முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தாள்.

"மேல யாரு மாமி இரிக்கிற?" என்றான் அப்ஹாம்.

"பாவம் மகன், வருத்தக்கார மனிசன். பாரிசவாதம் வந்து பேச்சே இல்ல. மருமகன்தான் வாடக கட்டிப் பாக்குற. கிழமைக்கி ரெண்டு தரம் அட்டையும் மையும் கொண்டாந்து குடுப்பார். கீறினத எடுத்துக்கிட்டுப் போவார்."

"மருமகன் ஆள் எப்பிடி?"

"முகத்த நான் ஒழுங்காப் பாத்ததே இல்ல. ஹெல்மெட்டோட வருவார், ஹெல்மெட்டோட போவார்."

"முடி கொட்டிரிக்கும்" என்றான் அப்ஹாம்.

"கதவு பூட்டியோ கிடக்கு?" என்று சுபோதினி கேட்டாள்.

"மூளை சரியில்ல, வெளியால போயிருவாருண்டு பூட்டச் சொன்ன. சோறு குடுக்கிறதால சாவி என்ட கையில இரிக்கி." லுத்பியா தயங்கினாள். "நீங்க யாரு?"

"அவரின்ரை படங்களை வாங்கிற ஒருவரின்ரை ஆக்கள். அவருக்கு ஆபத்தெண்டு நினைக்கிறம். ஒருக்காத் திறந்து காட்டுங்கோ அம்மா."

லுத்பியா அவளுடைய முகத்தையே பார்த்தாள். பிறகு சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

இருவரும் படியேறினார்கள். கதவின் வெளிப்பக்கம் ஆமைப்பூட்டுத் தொங்கியது. உள்ளே மையின் மணம். ஜன்னலடியில் ஒரு மேசை. அதன் முன்னால் மெலிந்த மனிதர் ஒருவர். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. இடது கையில் நிப் பேனை.

சுவரில் வண்ணப் பிரதிகளாக எடுத்த ஃபோன் படங்கள் ஒட்டியிருந்தன. தில்லைநாதனின் சுவர். தில்லைநாதனின் கதிரை. ஊன்றுகோல்.

"பழைய படங்களைப் போலக் கீறச் சொல்லி மாதிரிக்குக் குடுத்திருக்கினம்" என்றாள் சுபோதினி மெதுவாக. "செத்த ஓவியருக்குத்தானே மதிப்பு. அதுக்காகவே இவர் செத்திட்டார் எண்டு ஆக்கிப்போட்டு, இங்கை வைச்சுக் கீறுவிக்கினம்." அவள் கிழவரின் முன்னால் குனிந்தாள். "ஐயா, நீங்கள்தானே முசுறு?"

வாய் திறந்தது. "ப... ப..." என்ற சத்தம் மட்டும் வந்தது. கண்களில் நீர் முட்டியது. அப்ஹாம் தன் பேனையையும் ஒரு துண்டுத் தாளையும் நீட்டினான். கிழவர் எழுதத் தொடங்கினார். வந்தவை எழுத்துகள் அல்ல. எழுத்தைப் போல வளைந்த வெறும் சுழிகள். அவர் தாளைக் கசக்கி எறிந்தார்.

"பேச்சோடை எழுத்தும் போட்டுது, அப்ஹாம். சில பேருக்கு இந்த வருத்தம் அப்படித்தான் செய்யும். சொல் முழுக்கப் போகும், படம் மட்டும் மிஞ்சும். படத்திலை வசனம் ஏன் இல்லையெண்டு இப்ப விளங்குதோ?"

அவள் அப்ஹாமின் ஃபோனில் மூன்றாவது படத்தைக் காட்டினாள். "ஏன் ஐயா தில்லைநாதனைப் பயப்பிடுத்திறீங்கள்?"

முசுறு தலையைப் பலமாக ஆட்டினார். இல்லை, இல்லை. இடது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து, மேசையில் கிடந்த ஒரு படத்தின் மேல் வைத்தார். திரும்பவும் வைத்தார். அடித்தார்.

"ரெண்டு பேரா?" என்றான் அப்ஹாம். "ரெண்டு தரமா? ரெண்டு மணிக்கா?"

முசுறு அவனைத் தள்ளிவிட்டுச் சுவரைக் காட்டினார். ஃபோன் படங்களுக்கு நடுவே மஞ்சள் பூத்த ஒரு பத்திரிகைத் தாள். 'குறும்பன்' இதழின் பக்கம். அதன் ஒரு பத்தியில் முசுறுவின் பழைய கார்ட்டூன் அச்சாகியிருந்தது. அவர் எட்டி, அந்த அச்சுப் படத்தின் மேல் இரண்டு விரல்களையும் வைத்தார். படம் விரல்களுக்குள் மறைந்தது. அளவு சரி.

சுபோதினி தன் இரண்டு விரல்களையும் சேர்த்து அந்தப் பத்தியில் வைத்துப் பார்த்தாள்.

"பத்தியின்ரை அகலம். பெரிசாக் கீறுவினம், சின்னதாக்கித்தான் அடிப்பினம் எண்டு தில்லைநாதன் ஐயாவே சொன்னவர். இவர் சுவருக்குக் கீறேல்லை, இப்பவும் அச்சுக்குத்தான் கீறுறார். அப்ஹாம், முதல் படத்தைச் சின்னதாக்கும். ரெண்டு விரல் அளவுக்கு!"

அப்ஹாம் ஃபோனின் படப்பெட்டியைத் திறந்தான். அங்கே எல்லாப் படங்களும் சிறிய கட்டங்களாக வரிசையாக நின்றன. முதல் கட்டத்தைப் பார்த்தவன் ஃபோனை அவளுடைய பக்கம் திருப்பினான்.

பெரிய படத்தில் வெறும் கோடுகளாகத் தெரிந்த மூலை, சிறுத்ததும் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இருட்டாகிவிட்டது. கோடு அடர்த்தி குறைந்த இடங்கள் மட்டும் அந்த இருட்டிலிருந்து வெளியே வந்தன. தோள்கள். ஒரு கை. கையில் சரித்துப் பிடித்த போத்தல். நெற்றிக்கு மேல் இரண்டு கண்ணாடி வட்டங்கள். காதிலிருந்து கொம்பு மாதிரி ஒரு பென்சில்.

கதிரைக்குப் பின்னால் நின்று, முதியவரின் கிளாசுக்குள் ஒருவன் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிரியந்தன்" என்றாள் சுபோதினி. "ஐயா சேகரத்தைக் குடுத்தால் நூலகம் ஒவ்வொரு தாளாச் சோதிக்கும். போன மாசம் கீறின படத்தை ஏழு வருசத்துக்கு முந்தினதெண்டு இவன் வித்ததெல்லாம் வெளியிலை வந்திடும்."

"தன்ட படத்தத் தானே கொண்டு போய்க் குடுத்திரிக்கான்!"

"அவன் படத்தைப் பார்க்கேல்லை. அட்டையைத்தான் பார்த்தவன், அந்தப் பெரிசிலை வெறும் கோடுதானே. பேச்சில்லாத மனுசன் தானே எண்டு இவருக்கு முன்னாலை எல்லாத்தையும் ஃபோனிலை கதைச்சிருப்பான்."

முசுறு தலையசைத்தார். ஜன்னலுக்கு வெளியே எங்கோ பன்னிரண்டு மணி அடித்தது. பகல். நானே கரைச்சுத் தாறன்.

அவள் தில்லைநாதனுக்கு அழைத்தாள். நெடுநேரம் அடித்தது.

"ஓம் பிள்ளை!" ஸ்பீக்கரில் அவருடைய குரல் உற்சாகமாக வந்தது. "பிரியந்தன் வந்திட்டான். சட்டம் வடிவாயிருக்கு. சாப்பிட்டிட்டு இருக்கிறன், நெல்லி ரசம் கரைக்கிறான்."

பின்னால் கரண்டி கிளாசில் தட்டும் சத்தம். டிங், டிங்.

குடிக்கவேண்டாம் என்று சொன்னால் பிரியந்தனுக்கும் கேட்கும். அந்த வீட்டில் கிழவரும் அவனும் மட்டும்தான். சுபோதினி குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். அப்ஹாமைப் பார்த்துக் கண்ணால் கதவைக் காட்டினாள். அவன் தன் ஃபோனோடு வெளியே நழுவினான்.

"ஐயா, ஒரு படம் அனுப்பிறன். ஒருக்காப் பாருங்கோ."

"ஃபோனிலையோ? பிரதி நான் பார்க்கிறதில்லை எண்டு காலமைதானே சொன்னனான்."

"இதை மட்டும்..."

"வேண்டாம் பிள்ளை. நேரை கொண்டு வாங்கோ, பார்க்கிறன்."

டிங், டிங். கரண்டி நின்றது.

பிரதியைப் பார்க்கமாட்டார். அப்படியென்றால் பார்ப்பது எதை?

"ஐயா, ஒறிஜினல் ஒண்டு இப்ப கீறுப்படுகுது. என்ரை கண்ணுக்கு முன்னாலை. மை காயேல்லை. வீடியோவைப் போடுங்கோ."

"கீறுப்படுகுதோ? ஆர் கீறுறது?"

"நீங்களே கையைப் பார்த்துச் சொல்லுங்கோ."

திரை வெளிச்சமானது. தில்லைநாதன் ஃபோனை மேசையில் எதிலோ சாய்த்து வைத்தார். இரண்டு விரல் அகலக் கட்டத்துக்குள் கதிரை தெரிந்தது. கதிரையில் அவர். கையில் பழுப்புநிற நெல்லி ரசக் கிளாஸ். பின்னால், மூலை இருட்டில், நெற்றியில் கண்ணாடியும் காதில் பென்சிலுமாக ஒருவன்.

முதலாவது படம் அப்படியே உயிரோடு நின்றது.

முசுறு காத்திருக்கவில்லை. புது அட்டையை இழுத்து நிப்பை மையில் தோய்த்தார். சுபோதினி கமராவை அந்தக் கையின் மேல் பிடித்தாள். இடது கை. எதிர்ப்பக்கம் சரியும் கோடு. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஒரு கிளாஸ் வந்தது.

"அந்தக் கை..." என்றார் தில்லைநாதன். "அந்தக் கோடு... பிள்ளை, அது ஆர்?"

அவள் கமராவை உயர்த்தி முசுறுவின் முகத்துக்குக் காட்டினாள்.

"எமில்?"

பிரியந்தன் குனிந்து திரையைப் பார்த்தான். ஒரு கணம் அவனுடைய முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு அவன் கை தில்லைநாதனின் தோளில் விழுந்தது. அங்கேயே இருந்தது.

"ஆரோ ஏமாத்துறாங்கள் அங்கிள். ஃபோனை நான் நிப்பாட்டுறன். நீங்கள் முதல்லை குடியுங்கோ. வெயிலுக்கு நல்லது."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தில்லைநாதனின் கை, பழக்கத்தால், கிளாசை உதட்டுக்குக் கொண்டு போனது. முசுறு கடைசிக் கோட்டைக் கீறி, அட்டையைத் தூக்கிக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். கிளாஸ். கிளாசின் விளிம்பில் ஒரு எறும்பு. எறும்பு கிளாசுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த எறும்பை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான்.

கிளாஸ் உதட்டில் நின்றது. தில்லைநாதனின் கண்கள் அட்டையிலிருந்து கிளாசுக்கும், கிளாசிலிருந்து தோளில் கிடந்த கைக்கும் போயின. அவருடைய விரல்கள் திறந்தன. கிளாஸ் விழுந்து உருண்டது. தோளை உதறினார். ஊன்றுகோலின் நாலு கால்களும் தரையில் அறையும் சத்தம் கேட்டது.

கட்டத்துக்குள் இப்போது வெறும் கதிரை. தரையில் கிளாஸ். பின்னால் வெறுங்கையோடு நின்ற ஒருவன்.

"மூண்டாவது படம்" என்றாள் சுபோதினி தனக்குள். "கதிரை வெறுமையானது அவர் செத்ததாலை இல்லை. எழும்பிப் போனதாலை."

பிரியந்தன் கமராவைப் பார்த்தான். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். பிறகு கட்டத்தை விட்டு வெளியே போனான்.

அப்ஹாம் உள்ளே ஓடி வந்தான், ஃபோன் இன்னும் காதில். "ஓ அய்யே, கேட் எக்க வஹன்ன, கவுருத் யன்ன தென்ன எப்பா!" கேட்டை மூடு, யாரையும் போகவிடாதே என்று காவல்காரருக்குச் சொல்லிவிட்டு நிமிர்ந்தான். "பூட்டிட்டார் மெடம். பொலிசுக்கும் அடிச்சிட்டார். கிரிக்கெட் கதச்சது வீண் போகல்ல. அங்கிள்?"

வெறும் கதிரையையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ கதவுகள் அடிபட்டன. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கூச்சல். ஆண்களின் குரல்கள். படியில் பலர் ஓடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கடல் மட்டும் கேட்டது.

நெடுநேரத்துக்குப் பிறகு ஊன்றுகோலின் சத்தம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. தில்லைநாதனின் கை ஃபோனை எடுத்தது.

"கீழை பிடிச்சுப் போட்டினம்" என்றார். "எமில் அங்கை இருக்கிறாரோ, பிள்ளை?"

"இருக்கிறார், ஐயா. நீங்கள் கதைக்கிறது அவருக்குக் கேட்கும்."

பிறகு தில்லைநாதன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திரையில் தரை ஆடியது, சுவர் ஆடியது, நடையின் இருட்டு வந்தது.

"பிள்ளை, இப்ப அனுப்பிறன் எண்ட அந்தப் படம்... அதைப் பத்திரிகைக்காரர் போலச் சின்னதாக்கினால்தான் தெரியுமோ?"

"ஓம் ஐயா."

"ஜவாத்தின்ரை படங்கள் இந்தச் சுவரிலை தொங்குது. ஒரு வருசமா நான் இதைத் தாண்டித்தான் படுக்கப் போறனான். இதிலையும் ஒரு கதிரை இருக்கு. இதிலையும் ஒரு மூலை இருக்கு." அவர் ஃபோனைச் சட்டங்களுக்கு நேரே பிடித்தார். "நான் பின்னாலை போறன். நீங்கள் பாருங்கோ. எனக்குக் கண் காணாது."

ஊன்றுகோல் பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது. மூன்று சட்டங்களும் தூரமாகி, சிறுத்து, இரண்டு விரல் அளவுக்கு வந்தன.

முசுறு முகத்தைத் திருப்பிக் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களை அவர் இன்னொரு தடவை பார்க்கத் தேவையில்லை.

முதல் இரண்டிலும், வேறொரு கதிரையின் பின்னால், அதே கண்ணாடியும் அதே பென்சிலும் நின்றன. மூன்றாவதில் கதிரை வெறுமையாக இருந்தது. ஹெவ்லொக் டவுனில் யாரும் பார்க்காத அந்த எறும்பு, தரையில் இறங்கி, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.